காற்றின் எடை – 6: தோட்டத்தில் விட்டுச் சென்ற குழாய்

சென்ற வாரம் டொரிசெல்லியின் கடிதத்தோடு நிறுத்தியிருந்தோம்.

பம்பு எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் சுமார் பத்து மீட்டருக்கு மேல் ஏறுவதில்லையே, ஏன் என்ற கேள்வியில் தொடங்கிய கதை இது. அந்தக் கேள்வி கலிலியோவைத் தாண்டி அவருடைய கடைசிக்காலச் சீடரான டொரிசெல்லியின் கைக்கு வந்தபோது தண்ணீரின் இடத்தில் பாதரசம் வந்திருந்தது. ஒரு முனை அடைத்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால் அது முழுவதும் கொட்டிவிடுவதில்லை. சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது.

நாம் காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம், அந்தக் கடலுக்கு எடை உண்டு, கிண்ணத்தின் மேல் அந்த எடை அழுத்துவதால்தான் பாதரசம் நிற்கிறது என்று 1644 ஜூனில் ஃபுளோரன்சிலிருந்து ரோமிலிருந்த நண்பர் ரிச்சிக்கு எழுதினார் டொரிசெல்லி.

சொன்னாரே தவிர, மறுக்க முடியாதபடி நிரூபிக்க அவருக்குக் காலம் இருக்கவில்லை. 1647 அக்டோபரில், 39 வயதில், இறந்துபோனார்.

*

அந்தக் குழாயைப் பார்த்த எல்லோரும் டொரிசெல்லியின் பக்கம் சேரவில்லை. சேராதவர்கள் மூடர்களும் அல்லர். இதை நாம் மறக்கக் கூடாது.

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பாடம். குழாயின் தலைப்பகுதியில் வெற்றிடம் விழப் பார்க்கிறது, இயற்கை அதைத் தடுக்கப் பாதரசத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் அந்த வெறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைதான் 76 சென்டிமீட்டர் என்றார்கள் பழைய கட்சியினர். பாரிசில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நோயெல் இன்னும் ஒரு படி போனார். மேலே இருப்பது வெற்றிடமே இல்லை, கண்ணாடியின் நுண்துளைகள் வழியே நுழைந்த தூய காற்று என்றார்.

ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. மேலிருந்து இழுத்தாலும் வெளியிலிருந்து தள்ளினாலும் பாதரசம் அதே இடத்தில்தான் நிற்கும். அதே குழாயை நூறு முறை கவிழ்த்துக் காட்டினாலும் இரு கட்சியும் தலையாட்டிவிட்டுத் தத்தம் விளக்கத்தோடு வீடு திரும்பும்.

தேவைப்பட்டது இரு கட்சிக்கும் வெவ்வேறு விடை வரக்கூடிய ஒரு சோதனை. அதைத் தேடியவர் 24 வயது இளைஞர். பெயர் பிளேஸ் பாஸ்கல்.

*

வரி அதிகாரியான தந்தைக்குக் கணக்குப் போட உதவ, பத்தொன்பது வயதில் கூட்டல் கருவி செய்யத் தொடங்கியவர் இவர். குடும்பம் அப்போது பிரான்சின் ரூவான் நகரில் இருந்தது. இத்தாலியில் நடந்த பாதரசச் சோதனையின் செய்தியை பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் மெர்சென் என்ற துறவி. ஐரோப்பாவின் அறிஞர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் எழுதி, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். 1646 அக்டோபரில் பாஸ்கல் குடும்பம் அந்தச் சோதனையை ரூவானில் செய்து பார்த்தது.

ரூவானில் நல்ல கண்ணாடிச் சூளைகள் இருந்தன. 46 அடி நீளத்துக்குக் குழாய் செய்வித்து, கப்பல் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டி, தண்ணீரையும் திராட்சை மதுவையும் நிரப்பிப் பார்த்தார் பாஸ்கல். தண்ணீரைவிட மது இலேசானது. அது தண்ணீரைவிடச் சற்று உயரத்தில் நின்றது. கனமானது தாழ நிற்கிறது, இலேசானது உயர நிற்கிறது என்றால், ஒரு தராசு வேலை செய்கிறது என்றே தோன்றும்.

ஆனாலும் 1647 அக்டோபரில் அச்சிட்ட சிறு நூலில் அவர் இன்னும் பழைய சொற்களைக் கைவிடவில்லை. இயற்கைக்கு வெறுப்பு உண்டு, அதற்கு எல்லையும் உண்டு என்றே எழுதியிருக்கிறார். இந்தத் தயக்கம்தான் பாஸ்கலிடம் எனக்கு மிகவும் பிடித்தது. கையில் ஆதாரம் முழுதாக வரும்வரை அவர் கட்சி மாறவில்லை.

அடுத்த மாதம், நவம்பர் 15 அன்று, அக்காள் ஜில்பெர்த்தின் கணவர் ஃப்ளோரான் பேரியேவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். பாதரசத்தை நிறுத்துவது காற்றின் எடை என்றால், மலையடிவாரத்தைவிட மலையுச்சியில் தலைக்கு மேல் உள்ள காற்று குறைவு. ஆகவே உச்சியில் பாதரசம் தாழ வேண்டும். இயற்கையின் வெறுப்புதான் காரணம் என்றால், அடிவாரத்தில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் வெறுக்க இயற்கைக்கு என்ன அவசியம்? ஒரே நாளில், ஒரே குழாயால், ஒரே பாதரசத்தால் இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள்.

இரு கட்சிக்கும் இருவேறு விடை தரும் கேள்வி கிடைத்துவிட்டது.

*

பாஸ்கல் அப்போது இருந்த பாரிசில் மலை இல்லை. பாஸ்கலின் உடலும் மலை ஏறும் நிலையில் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அவர் பிறந்த ஊரான கிளெர்மோனில் மலை உண்டு. பேரியே அங்கே வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் உறுப்பினர். ஊருக்கு மேற்கே, வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில், அணைந்த எரிமலை ஒன்று நிற்கிறது. பெயர் பூய் த தோம். கடல் மட்டத்திலிருந்து 1,465 மீட்டர். ஊரிலிருந்து கணக்கிட்டால் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம்.

கடிதம் போன பிறகு பத்து மாதம் ஓடியது. குளிர்காலத்தில் உச்சியில் பனி. பனி விலகினால் மூடுபனி. வானம் தெளிந்தால் பேரியேவுக்கு அலுவல்.

இந்தப் பத்து மாதத்துக்குள் ஓர் இழப்பும் நேர்ந்தது. பாதரசச் செய்தியை இத்தாலியிலிருந்து சுமந்து வந்த மெர்சென், மலையில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தாமும் ஆசைப்பட்ட மெர்சென், 1648 செப்டம்பர் 1 அன்று பாரிசில் காலமானார். இன்னும் பதினெட்டு நாள் இருந்திருந்தால்...

அவர் மினிம் சபைத் துறவி. கிளெர்மோன் சோதனை தொடங்கப் போவதும் ஒரு மினிம் மடத்தின் தோட்டத்தில்தான்.

*

1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை.

காலை ஐந்து மணி இருக்கும். பேரியே மேற்கே பார்த்தார். வானம் நம்பும்படி இல்லை. ஆனால் சிகரம் தெரிந்தது. இன்று போய்விடுவோம் என்று முடிவு செய்து, வருவதாகச் சொல்லியிருந்தவர்களுக்கு ஆள் அனுப்பினார்.

எட்டு மணிக்கு எல்லோரும் மடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். ஊரிலேயே தாழ்ந்த இடம் அது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். பேரியே பெயர் சொல்லிக் குறித்திருப்பவர்கள் ஐவர். மினிம் சபையின் பாதிரியார் பானியே, பேராலயத்தைச் சேர்ந்த மோனியே, நீதிமன்றத்தில் சக உறுப்பினர்களான லா வீல், பேகோன், மருத்துவர் லா போர்த். ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களாகப் பார்த்துக் கூட்டியிருக்கிறார். நாளை யாரும் சந்தேகம் எழுப்பினால் சாட்சி சொல்ல மதகுரு உண்டு, நீதிபதி உண்டு, வைத்தியர் உண்டு.

தரையில் வைத்திருந்த பொருள்களைப் பார்ப்போம்.

நான்கு அடி நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒரே பருமன், இரண்டுக்கும் ஒரு முனை உருக்கி அடைத்தது. 16 பவுண்டு பாதரசம், அதாவது நம் கணக்கில் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூன்று நாளாகச் சுத்தம் செய்து வைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினால் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். தூக்கினால் கை இறங்கும்.

குழாயை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். வாயைப் பெருவிரலால் அழுத்தி மூடி, மெதுவாகத் தலைகீழாக்கி, கிண்ணத்துப் பாதரசத்துக்குள் முக்க வேண்டும். பிறகு விரலை எடுக்க வேண்டும். வெள்ளிநிறக் கம்பம் இறங்கும், மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஆடும், பிறகு நிற்கும். இந்த வரிசையில் எங்கேனும் ஒரு குமிழ் உள்ளே புகுந்துவிட்டால் அது குழாயின் தலைக்கு ஏறிப் பாதரசத்தைக் கீழே தள்ளிவிடும், அளவு பொய்யாகிவிடும்.

முதலில் ஒரு குழாய். பிறகு இரண்டாவது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் பேரியே. இரண்டிலும் பாதரசம் சமமாக நின்றது. உயரம் 26 அங்குலம், மூன்றரைக் கோடு. மறுபடியும் செய்தார். அதே அளவு.

'கோடு' என்பது பிரெஞ்சு அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டேகால் மில்லிமீட்டர். அந்த நாளில் மனிதர்கள் அரைக் கோடு வரை அளந்திருக்கிறார்கள். நம் கணக்குக்கு மாற்றினால் 712 மில்லிமீட்டர்.

இப்போது பேரியே செய்த காரியம்தான், என் தீர்ப்பில், அன்றைய நாளின் மிகப் பெரிய காரியம்.

இரண்டு குழாயில் ஒன்றை அப்படியே தோட்டத்தில் நிறுத்தினார். பாதரசம் நின்ற இடத்தில் கண்ணாடிமேல் குறி போட்டார். அந்த மடத்தின் துறவி ஷாஸ்தானை அழைத்து, நாங்கள் திரும்பி வரும்வரை இதை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருங்கள், குறியிலிருந்து பாதரசம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அடிக்கடி கவனியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் இரண்டாவது குழாயோடு மலையேறப் புறப்பட்டார்கள். ஷாஸ்தான் தோட்டத்தில் இருந்துகொண்டார்.

*

உச்சியில் அன்று வானம் நிமிடத்துக்கு ஒரு முகம் காட்டியது. சற்று நேரம் தெளிவு, சற்று நேரம் மழை, மூடுபனி, காற்று.

சிகரத்தில் ஒரு சிறு தேவாலயம் இருந்தது. அவர்கள் காலடியில் மண்ணுக்குள் வேறொன்றும் இருந்தது, ஆனால் அவர்கள் யாருக்கும் அது தெரியாது. 1870-களில் அங்கே வானிலை ஆய்வுக்கூடம் கட்டத் தோண்டியபோது பழைய ரோமானியக் கோயில் ஒன்றின் சுவர்கள் வெளிப்பட்டன. மெர்க்குரி என்ற தெய்வத்தின் கோயில். பாதரசத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் அந்தத் தெய்வத்தின் பெயர்தான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

குழாயை நிரப்பினார்கள். விரலால் மூடினார்கள். கவிழ்த்தார்கள்.

விரலை எடுத்தார்கள்.

பாதரசம் இறங்கியது. காலையில் நின்ற இடத்தைக் கடந்து இறங்கியது. 23 அங்குலம் 2 கோட்டில் நின்றது.

காலை அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று அங்குலம் ஒன்றரைக் கோடு, அதாவது 85 மில்லிமீட்டர். நான்கு விரற்கடைக்கு மேல். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய நுண்ணிய வித்தியாசம் இல்லை இது. பத்தடி தள்ளி நின்றவருக்கும் தெரிந்திருக்கும்.

தாங்கள் அனைவரும் வியந்து மலைத்துப் போனதாகப் பேரியே எழுதுகிறார். எதிர்பார்த்துப் போனதுதான். இருந்தும் கண்முன்னால் நடந்தபோது அவர்களால் நம்ப முடியவில்லை.

நம்ப முடியாததால் மறுபடி செய்தார்கள். சிகரத்தின் வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை. தேவாலயத்துக்குள் கூரையின் கீழே ஒரு முறை. வெட்டவெளியில், ஒதுக்குப்புறத்தில், காற்று வீசும் இடத்தில். வானம் தெளிந்தபோதும் மழையும் பனியும் சூழ்ந்தபோதும். ஒவ்வொரு முறையும் குமிழ் இல்லாமல் புதிதாக நிரப்பி. ஐந்து முறையும் அதே 23 அங்குலம் 2 கோடு.

இறங்கும் வழியில் பாதி மலையில் லாஃபோன் த லார்ப்ர் என்ற இடத்தில் நின்று இன்னொரு முறை அளந்தார்கள். 25 அங்குலம். உச்சியைவிட அதிகம், தோட்டத்தைவிடக் குறைவு. பாதரசம் படிப்படியாகத்தான் ஏறி வந்துகொண்டிருந்தது.

*

இந்த இடத்தில் பழைய கட்சியின் வழக்கறிஞராக நாமே நின்று பார்ப்போம். என்ன வாதம் மிச்சம் இருக்கிறது?

காலையில் ஒரு வானிலை, மதியம் ஒரு வானிலை. பாதரசம் தாழ்ந்ததற்கு மலை காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? இடையில் நேரமும் போயிருக்கிறது, மேகமும் வந்திருக்கிறது. அன்று பகலில் எல்லா இடத்திலும், கீழே ஊரிலும்கூட, பாதரசம் மூன்று அங்குலம் இறங்கியிருந்தால்?

உச்சியில் ஐந்து முறை அல்ல, ஐந்நூறு முறை அளந்தாலும் இந்தக் கேள்விக்கு அங்கே விடை இல்லை. விடை தோட்டத்தில் இருந்தது.

மாலையில் திரும்பி வந்தவர்கள் ஷாஸ்தானிடம் போனார்கள். பாதரசம் குறியை விட்டு நகர்ந்ததா?

நகரவில்லை என்றார் ஷாஸ்தான். கீழேயும் வெயில், மழை, மூடுபனி, காற்று எல்லாம் மாறி மாறி வந்து போயின. பாதரசம் காலையில் நின்ற குறியிலேயே நாள் முழுவதும் நின்றது.

மலையிலிருந்து கொண்டுவந்த குழாயையும் அதன் பக்கத்திலேயே வைத்து மீண்டும் நிரப்பிக் கவிழ்த்தார்கள். 26 அங்குலம், மூன்றரைக் கோடு. இரண்டும் சமம், காலையில் இருந்தது போலவே.

வழக்கு அந்த இடத்தில் முடிந்தது.

இன்று மருந்துச் சோதனை செய்கிறவர்கள் ஒரு கூட்டத்துக்கு மருந்து கொடுத்து, இன்னொரு கூட்டத்துக்குக் கொடுக்காமல் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள் அல்லவா? அந்த முறையின் பழைய, மிகத் தெளிவான உருவங்களில் ஒன்று இந்தத் தோட்டத்துக் குழாய். பாஸ்கலின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பேரியேவின் பெயரும் ஆங்காங்கே இருக்கிறது. ஷாஸ்தானின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. மலை ஏறாமல், எதுவும் நடக்காத ஒரு குழாயின் முன்னால் பகல் முழுவதும் காவல் இருந்து, எதுவும் நடக்கவில்லை என்று உண்மையைச் சொன்ன அந்தத் துறவி இல்லாவிட்டால் மலையேறியவர்களின் அளவுக்கு அர்த்தமே இல்லை.

*

மறுநாள் இன்னொரு பாதிரியார் கேட்டார்: மலை வேண்டாம், நம் பேராலயக் கோபுரத்தில் ஏறினால் தெரியுமா? ஏறினார்கள். அடிக்கும் உச்சிக்கும் சுமார் 39 மீட்டர் உயரம். வித்தியாசம் இரண்டு கோடு. சின்ன அளவுதான், ஆனால் தெரிந்தது.

பேரியேவின் கடிதம் கண்டதும் பாஸ்கல் பாரிசில் புனித ஜாக் தேவாலயத்தின் கோபுரத்தில் தாமே சோதித்தார். அங்கும் இரண்டு கோட்டுக்கு மேல் வித்தியாசம். தொண்ணூறு படிகள் கொண்ட ஒரு வீட்டில்கூட அரைக் கோடு தெரிந்தது. அந்தத் தேவாலயத்தைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இடித்துவிட்டார்கள். கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது; அதன் அடியில் பாஸ்கலின் சிலை இருக்கிறது.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூலில்தான் இயற்கையின் வெறுப்பு என்ற கருத்தை முழுவதுமாகக் கைவிட்டார். இத்தனை காலம் எல்லோரும் ஏற்ற கருத்தை விட்டுவர வருத்தமாக இருக்கிறது, உண்மை வற்புறுத்துவதால் விடுகிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

தத்துவஞானி தெகார்த், இந்த மலைச் சோதனையைப் பாஸ்கலுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று 1649-இல் ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். 1647 செப்டம்பரில் அவர்கள் இருவரும் பாரிசில் சந்தித்தது உண்மை. யார் முதலில் நினைத்தது என்று அறிஞர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. நினைத்தவர்கள் பலர், எட்டுக் கிலோ பாதரசத்தோடு புறப்பட்டவர்கள் கிளெர்மோன்காரர்கள்.

*

கொஞ்சம் கணக்கு. பொறுமையாகக் கூட வாருங்கள், கடினம் இல்லை.

வாசகர்கள் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கும். அங்குலமும் மில்லிமீட்டரும் நீளத்தின் அளவுகள். நீளத்தைச் சொல்லி அழுத்தத்தை எப்படிக் குறிக்க முடியும்?

குழாயை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும் பாதரசம் அதே உயரத்தில்தான் நிற்கும். பருமன் கூடும்போது உள்ளே தாங்க வேண்டிய பாதரசம் கூடுகிறது. தாங்கும் காற்றும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே அகலம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது, உயரம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அந்த உயரமே போதுமான விடை.

கிளெர்மோன் தோட்டத்தில் 71.2 சென்டிமீட்டர். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 968 கிராம். உச்சியில் 62.7 சென்டிமீட்டர், 853 கிராம்.

கழித்தால் 115 கிராம்.

அந்த 115 கிராம் என்ன? தோட்டத்திலிருந்து சிகரம் வரை, சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒரு காற்றுத்தூண் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூணின் எடை அது. கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிபடாத ஒன்றை அந்தச் சனிக்கிழமை அவர்கள் நிறுத்துப் பார்த்துவிட்டார்கள்.

பாஸ்கல் அதோடு நிற்கவில்லை. பூமியைச் சூழ்ந்த காற்று மொத்தத்தின் எடையையும் கணக்கிட்டார். எட்டுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழி போடும் அளவு பவுண்டு. நம் கணக்கில் சுமார் நாற்பது கோடி கோடி டன். இன்றைய அறிவியல் சொல்லும் அளவில் முக்கால் பங்குக்கும் மேல் அவர் நெருங்கிவிட்டார்.

இன்று நாம் புழங்கும் அழுத்த அலகுகள் பலவும் இந்தக் குழாயின் பிள்ளைகள்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை மருத்துவர் மேசையில் ஒரு நீண்ட பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நிற்கும், உள்ளே வெள்ளிக் கம்பம். கையில் பட்டையைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்க அமுக்க அது ஏறும். இரத்த அழுத்தம் 120 என்றால், பாதரசத்தை 120 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தக்கூடிய அழுத்தம் என்று பொருள். பாதரசம் நஞ்சு என்பதால் அந்தக் கருவி விலகிக்கொண்டிருக்கிறது. அலகு மட்டும் விலகவில்லை. எண்களாகக் காட்டும் புதுக் கருவியும் பாதரச மில்லிமீட்டரில்தான் பேசுகிறது. வெற்றிடக் கருவிகளில் வேலை செய்பவர்கள் அந்த மில்லிமீட்டருக்கு டொரிசெல்லியின் நினைவாக 'டார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தின் தர அழுத்தம் 760 டார்.

பாஸ்கலின் பெயரில் உள்ள அலகு 1971-இல் உலக அளவை மாநாட்டில் ஏற்கப்பட்டது. ஒரு சதுர மீட்டரின் மேல் ஒரு நியூட்டன் விசை. மிகமிகச் சிறியது: மேசைமேல் கிடக்கும் ஓர் அச்சுத்தாள் மேசையை அழுத்துவது ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. கடல் மட்டத்துக் காற்றோ நம்மை 1,01,325 பாஸ்கல் அழுத்துகிறது. இவ்வளவு பெரிய எண்ணை நாள்தோறும் சொல்ல முடியாது என்பதால் வானிலை ஆய்வாளர்கள் நூறு பாஸ்கலை ஒன்றாகக் கட்டி ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். பழைய மில்லிபாரும் அதே அளவுதான். பெயர் மட்டும் வேறு. அந்தக் கணக்கில் கடல் மட்டம் 1013, கிளெர்மோன் தோட்டம் 949, பூய் த தோம் உச்சி 836.

பஞ்சர் கடையில் சொல்லும் எண் இந்த வரிசையில் சேராது. அங்கே ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று கணக்கு. 30 வையுங்கள் என்கிறோமே, அது வெளிக்காற்றுக்கு மேல் 30. வெளிக்காற்றே 14.7 இருப்பதால் டயருக்குள் உண்மையில் இருப்பது ஏறக்குறைய 45. காற்று இறங்கிப்போன டயரில் கருவி பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே காற்றுக் கடல் முழு எடையோடு இருக்கிறது.

*

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் பேரியேவும் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் குழாயைக் கழற்றவில்லை.

1649-இல் தொடங்கி 1651 வரை கிளெர்மோனில் தினமும் பாதரசத்தைப் பார்த்து எழுதி வைத்தார். பாரிசில் ஒரு நண்பர் அதேபோல் எழுதினார். தூரத்து ஸ்டாக்ஹோமில் பிரெஞ்சுத் தூதர் ஷானுவும், அவர் வீட்டில் தங்கியிருந்த தெகார்த்தும் குறித்தார்கள். சோதனை என் யோசனை என்று வருந்திய அதே தெகார்த்தான். 1650 பிப்ரவரியில் அந்த ஊரிலேயே அவர் இறந்தார்.

மூன்று ஊர்க் குறிப்புகளும் சேர்ந்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. குழாயை யாரும் நகர்த்தவில்லை. மலை ஏறவில்லை, இறங்கவில்லை. இருந்தும் பாதரசம் ஏறியது, இறங்கியது. கிளெர்மோனை மட்டும் பார்த்தாலே உச்சத்துக்கும் தாழ்வுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்.

ஷாஸ்தான் காவல் இருந்த அன்று வெயிலும் மழையும் மாறி மாறி வந்தும் அசையாத அதே பாதரசம் இது. நின்ற இடத்திலேயே நிற்கும் ஊரின் தலைமேல் காற்றின் எடை எப்படிக் கூடும், எப்படிக் குறையும்? கூடிய காற்று எங்கிருந்து வந்தது?

அடுத்த வாரத்துக்குள் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். சில கைப்பேசிகளில் காற்றழுத்தமானி உண்டு. இல்லாவிட்டால் உங்கள் ஊர் வானிலை விவரத்தில் ஹெக்டோபாஸ்கல் எண் இருக்கும். தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வீட்டை விட்டு நகராமலே எண் மாறும். ஏன் மாறுகிறது?

(தொடரும்)